இந்தியக் கால்பந்து அணி: தடுப்பில் உள்ள வலுவும் கோல் வறட்சியும்

2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய மூன்று அணிகளோடு இந்தியா ஒரே பிரிவில் இருந்தது. மூன்றுமே ஆசியாவின் முன்வரிசை அணிகள் அல்ல. 2025 மார்ச் முதல் நவம்பர் வரை ஆடிய ஐந்து ஆட்டங்களில் இந்தியா ஒன்றில்கூட வெல்லவில்லை. இரண்டு டிரா, மூன்று தோல்வி. அந்த ஐந்து ஆட்டங்களிலும் அணி விட்ட கோல்கள் மொத்தம் ஐந்துதான். எந்த ஆட்டத்திலும் இரண்டுக்கு மேல் விடவில்லை. அடித்ததோ இரண்டே இரண்டு. சிங்கப்பூரில் ரஹீம் அலி அடித்தது எதிரணி பின்களத்தின் தவறான பாஸிலிருந்து வந்தது. மட்காவில் லாலியன்சுவாலா சாங்தே அடித்தது தொலைவிலிருந்து உதைத்த அருமையான பந்து. பாஸ் பாஸாக நகர்த்திப் பெனால்டி பாக்ஸுக்குள் நுழைந்து முடித்த கோல் ஒன்றுகூட இல்லை. இந்திய அணியின் பலமும் பலவீனமும் இந்தக் கணக்கிலேயே தெரிகின்றன. எதிரியைத் தடுக்க இந்த அணியால் ஓரளவு முடிகிறது. பந்து கைக்கு வந்தபின் என்ன செய்வது என்பதில்தான் அது தடுமாறுகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்திய அணிக்குப் பெயர் வாங்கித் தந்ததே முன்களம்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய அணி பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளை வீணாக்காமல் இருந்திருந்தால் முடிவே மாறியிருக்கும். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10-1 என்று நொறுக்கிய பிறகு பூட்ஸ் அணிந்து ஆடுவது வழக்கமானது. ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் 1950 முதல் 1963 வரை அணியை நடத்தினார். ஐரோப்பிய அணிகளின் அமைப்புகளைக் கவனித்து, தனியாகப் பந்தை உருட்டிச் செல்லும் பழக்கத்தைக் குறைத்து, விரைவான குறுகிய பாஸ்களுக்கு வீரர்களைப் பழக்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றபோது நெவில் டிசௌசா மூன்று கோல் அடித்தார். அணி நான்காம் இடம் பெற்றது. 1960 ரோமில் பிரான்ஸோடு 1-1, ஹங்கேரியிடம் 1-2. அந்த அணியில் தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ் இருந்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தின் அணியில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ் கோல்கீப்பர்.

ரஹீமின் தந்திர அறிவுக்கு 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி சான்று. பின்களத்தின் தூணாக இருந்த ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. அவரை உட்கார வைக்காமல், முன்களத்துக்கு நகர்த்தினார் ரஹீம். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார். இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் என்ற முன்கள வீரர்கள் மூவரும் ஒரே காலத்தில் ஆடியதால் கோல் எங்கிருந்தும் வரும் என்ற அச்சம் எதிரணிக்கு இருந்தது. ரஹீம் 1963-இல் மறைந்தார். உள்நாட்டுப் போட்டிகள் 70 நிமிடமாகவே நெடுங்காலம் நீடித்தன. உலகம் 90 நிமிட உடல்வலிமைக்கும் கட்டுப்பாடான தற்காப்புக்கும் நகர்ந்தபோது இந்தியா பின்தங்கியது. 1970 ஆசியப் போட்டி வெண்கலத்துக்குப் பிறகு பெரிய வெற்றி எதுவும் வரவில்லை.

இன்றைய அணியின் பலத்தைப் பின்னாலிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும். கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கை, நெருக்கத்தில் வரும் உதைகளைத் தடுக்கும் அனிச்சை வேகம். 2019 செப்டம்பரில் ஆசியச் சாம்பியனான கத்தாரை அவர்கள் மண்ணிலேயே 0-0 என்று நிறுத்தியது பெரும்பாலும் அவர் உழைப்பு. 2025 ஆகஸ்டில் ஒரு தொடரில் தஜிகிஸ்தானை 2-1 என்று வென்றபோது ஒரு பெனால்டியைத் தடுத்தார். அதே தொடரின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமனைப் பெனால்டி ஷூட்அவுட்டில் வீழ்த்தியபோதும் அவர் கைதான் காப்பாற்றியது. கோட்டை விட்டு வெளியே வரும்போதும் காலால் பந்தை ஆட வேண்டியிருக்கும்போதும் அவர் தடுமாறுகிறார். 2024 நவம்பரில் மலேசியா அடித்த கோல் அப்படி அவர் வெளியே ஓடி வந்ததால் விழுந்தது. ராகுல் பேகே தலையால் முட்டிச் சமன் செய்ய வேண்டியதாயிற்று. இளையவரான விஷால் கைத்தும் இதே இடத்தில் சறுக்கினார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0 ஆன ஆட்டத்தில் தொடக்க நிமிடங்களிலேயே அவருடைய பாஸ் பிழைகள் எதிரணிக்கு வாய்ப்பு தந்தன. பின்னாலிருந்து பாஸ் செய்து ஆட்டத்தைக் கட்டு என்று பயிற்சியாளர் சொல்லலாம். கோல்கீப்பரால் அது முடியாதபோது அணியின் முதல் பாஸே ஆபத்தாகிவிடுகிறது.

நடுப் பின்களத்தில் சந்தேஷ் ஜிங்கன், அன்வர் அலி, பேகே மூவரும் நேருக்கு நேர் மோதலில் சளைக்காதவர்கள். உயரப் பந்துகளை வெட்டுவதிலும் உதையின் குறுக்கே உடலைக் கொடுப்பதிலும் தேர்ந்தவர்கள். இவர்களில் அன்வர் தனி ரகம். நாற்பது மீட்டர் தொலைவுக்குத் துல்லியமாகப் பந்தனுப்பக் கூடியவர், பந்தோடு முன்னேறவும் துணிபவர். 2023-இல் பெங்களூரில் நடந்த தெற்காசியச் சாம்பியன்ஷிப்பை அணி வென்றதற்கு இந்தப் பின்களத்தின் ஒழுங்கே அடித்தளம். லெபனானோடு அரையிறுதி 0-0, குவைத்தோடு இறுதி 1-1, இரண்டையும் பெனால்டியில் வென்றது. அந்த ஆண்டு ஜூலையில் உலகத் தரவரிசையில் 99-ஆம் இடத்துக்கு ஏறியது. 2025 நவம்பரில் அது 142.

இந்தப் பலத்தின் இயல்பைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். இந்தியப் பின்களம் தன் பெனால்டி பாக்ஸை ஒட்டி நெருக்கமாக நிற்கும்போதுதான் நன்றாக ஆடுகிறது. நடுக்கோடு வரை மேலேறி நிற்கச் சொன்னால், பின்னால் விரியும் வெற்றிடத்துக்கு எதிரணி அனுப்பும் பந்தைத் துரத்தும் வேகம் அதற்குப் போதவில்லை. 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது இதற்கு உதாரணம். பதினோராவது நிமிடத்தில் இடது ஓரத்தில் ராகிப் ஓட, ஷேக் மொர்சலின் முடித்தார். மீதி ஆட்டம் முழுக்கப் பந்து பெரும்பாலும் இந்தியாவிடம் இருந்தது, பயன் இல்லை. வங்கதேசத்திடம் இந்தியா தோற்றது 22 ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

நடுக்களத்தில் ஓடுவதற்கு ஆள் இருக்கிறார்கள், திறப்பதற்கு ஆள் குறைவு. அபுயா, ஜீக்சன் சிங், சுரேஷ் வாங்ஜம், அனிருத் தாப்பா எல்லாருமே உழைப்பாளிகள். பந்தைப் பறிப்பார்கள், பக்கவாட்டில் பாதுகாப்பாகக் கொடுப்பார்கள். எதிரணியின் இரண்டு வரிசைகளுக்கு இடையே நின்று, பந்தை வாங்கித் திரும்பி, முன்னோக்கி ஒரு பாஸ் வைப்பவர்தான் இல்லை. பிராண்டன் பெர்னாண்டஸும் சஹல் அப்துல் சமதும் அதைச் செய்யக் கூடியவர்கள். 2023-இல் குவைத்தோடு ஆடிய இறுதியில் சாங்தே சமன் செய்த கோல் பல பாஸ்கள் கோத்த அழகான நகர்வு. கடைசிப் பாஸ் சஹல் கொடுத்தது. இந்தியாவாலும் இப்படி ஆட முடியும் என்பதற்கு அந்தக் கோல் அண்மைக் காலத்தின் சிறந்த சாட்சி. பிராண்டனும் சஹலும் காயத்தாலோ ஆட்டத்தரம் ஏறி இறங்குவதாலோ தொடர்ந்து அணியில் நிலைக்கவில்லை. அவர்கள் இல்லாத நாள்களில் பந்து பின்களத்துக்கும் ஓரப் பின்கள வீரருக்கும் இடையே சுற்றி, கடைசியில் நீண்ட உதையாகப் போய் முடிகிறது.

ஓரங்களில் வேகம் உண்டு. சாங்தே, லிஸ்டன் கொலாசோ, நவ்ரேம் மகேஷ் சிங், முன்பு உதாந்தா சிங், ஆஷிக் குருணியன் என்று விங் வீரர்களுக்கு இந்தியாவில் பஞ்சமே இருந்ததில்லை. வடசென்னையிலிருந்து வந்து 2023-இல் தேசிய அணியில் ஆடத் தொடங்கிய நந்தகுமார் சேகரும் இந்த வகைதான். எதிரணி மேலேறி ஆடும்போது இவர்கள் பயங்கரமானவர்கள். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று வென்ற ஆட்டம் முழுவதும் அந்த எதிர்த்தாக்குதல் வேகத்தின் விளைவு. 2023 நவம்பரில் குவைத் நகரில் கிடைத்த 1-0 வெற்றியிலும் சாங்தே இடது ஓரத்திலிருந்து கொடுத்த பந்தை மன்வீர் சிங் முடித்தார். எதிரணி பின்வாங்கி அடைத்துக்கொண்டால் கதை வேறு. ஓடுவதற்கு இடமில்லாதபோது இவர்கள் உள்ளே வெட்டித் தொலைவிலிருந்து உதைக்கிறார்கள், அல்லது ஆளில்லாத பாக்ஸுக்குள் க்ராஸ் போடுகிறார்கள். வலுவான அணியோடு மானத்தோடு ஆடி, சமமான அணியோடு திணறும் விந்தைக்கு இதுவே விடை. 2024 மார்ச்சில் ஆப்கானிஸ்தானோடு அபாவில் 0-0, குவாஹாட்டியில் 1-2. செப்டம்பரில் மொரிஷியஸோடு ஹைதராபாத்தில் 0-0.

அந்த க்ராஸ்களின் முனையில் நின்றிருக்க வேண்டிய ஆளைப் பற்றிய பேச்சு, சுனில் சேத்ரியிடம் போகாமல் இருக்க முடியாது. 1984-இல் பிறந்த சேத்ரி 2005 முதல் 2024 ஜூன் வரை 151 ஆட்டங்களில் 94 கோல் அடித்தார். உயரமோ அசாதாரண வேகமோ இல்லாமல், பந்து எங்கு விழும் என்ற முன்னுணர்வால் அடித்தவை அவை. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்தோடு 0-0 ஆன ஆட்டத்தோடு விடைபெற்றார். ஒன்பது மாதத்தில் அவரையே திரும்ப அழைத்தார்கள். 40 வயதில் மாலத்தீவுக்கு எதிராக 95-ஆவது கோலை அடித்தார். ஒரு நாட்டின் முதன்மை முன்கள வீரர் ஓய்வுபெற்ற பின்னும் அவரை விட்டால் ஆளில்லை என்ற நிலை அவருக்குப் பெருமை. அணிக்கு அது கவலைக்குரிய செய்தி. மன்வீர், ரஹீம் அலி, இஷான் பண்டிதா, இர்பான் யத்வாட் எனப் பலரும் சோதிக்கப்பட்டார்கள். ஒருவராலும் இடத்தைப் பிடிக்க முடியவில்லை. 2024-ஆம் ஆண்டில் இந்தியா ஆடிய 11 ஆட்டங்களில் வெற்றி இல்லை. அடித்தது 4 கோல், விட்டது 15.

கார்னர், ஃப்ரீகிக், நீண்ட த்ரோ ஆகியவை இந்தியாவுக்கு இயல்பாகவே பொருந்தும் ஆயுதங்கள். தலையால் முட்டத் தெரிந்த பின்கள வீரர்கள் இருக்கிறார்கள். 2019-இல் வங்கதேசத்துக்கு எதிராக ஆதில் கான் 88-ஆவது நிமிடத்தில் தலையால் அடித்துத்தான் தோல்வி தவிர்க்கப்பட்டது. 2025-இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற காலித் ஜமீல் இதை முறையாகப் பயன்படுத்த முனைந்தார். அவருடைய முதல் ஆட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிரான இரு கோல்களையும் அடித்தவர்கள் நடுப் பின்கள வீரர்கள், அன்வரும் ஜிங்கனும். நல்ல தொடக்கம்தான். ஆனால் பின்கள வீரர்கள் அடிக்கும் கோல்களை நம்பி ஒரு தகுதிச் சுற்றைத் தாண்டுவது கடினம்.

கடைசி இருபது நிமிடங்கள் தனியே கவனிக்க வேண்டியவை. 2019 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனோடு டிரா செய்திருந்தால் அடுத்த சுற்று. 90 நிமிடம் தாண்டி ஒரு பெனால்டி கொடுத்து வெளியேறியது. அதே ஆண்டு குவாஹாட்டியில் ஓமனை 1-0 என்று பிடித்து வைத்திருந்து 82, 90 ஆகிய நிமிடங்களில் கோல் விட்டது. 2024 ஜூனில் தோஹாவில் கத்தாருக்கு எதிராகச் சாங்தே கோலால் முன்னிலை பெற்று 73, 85 ஆகிய நிமிடங்களில் இழந்தது. எல்லைக்கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் அடித்த முதல் கோலை நடுவர் ஏற்றது பெரும் அநீதி. இரண்டாவது கோலுக்கு அந்தச் சமாதானம் கிடையாது. 2025 ஜூனில் ஹாங்காங்கில் கூடுதல் நேரத்தில் பெனால்டி, 0-1. உடல் தளர்வதும் கவனம் சிதறுவதும் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. அதைவிட அடிப்படையான காரணம், பந்தைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு ஓய்வெடுக்க இந்த அணிக்குத் தெரியாதது. பறித்த பந்தை உடனே இழப்பதால் 90 நிமிடமும் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முடிவில் ஒரு கால் தாமதமாக நீள்கிறது.

பயிற்சியாளர்கள் மாறி மாறி வந்தார்கள். ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் 4-4-2 அமைப்பில் இறுக்கமான தற்காப்பும் நேரடித் தாக்குதலும் என்று வைத்தார். 2019 முதல் 2024 வரை இருந்த குரோஷியரான இகோர் ஸ்டிமாக், பந்தைத் தரையில் வைத்து ஆடப் பழக்கினார். 2023-இல் அது பலித்தது. 2024 ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் கோலே இல்லாமல் தோற்றபோது அதன் எல்லையும் தெரிந்தது. ஸ்பெயினைச் சேர்ந்த மனோலோ மார்க்கேஸ் மேலேறி நெருக்கும் ஆட்டத்தை முயன்றார். எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி, ஐந்து கோல். அதில் மூன்று மாலத்தீவுக்கு எதிரானவை. அவர் அதே காலத்தில் எஃப்சி கோவாவின் பயிற்சியாளராகவும் இருந்தார்; தேசிய அணி இப்படிப் பகுதிநேர வேலையாக ஒப்படைக்கப்பட்டது தவறான முடிவு. ஜமீலையும் சேர்த்தால் நான்கு பேர், நான்கு முறைகள், ஒரே குறை. அமைப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

குறையின் வேர் கிளப் ஆட்டத்தில் இருக்கிறது. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் களத்தில் இறங்கும் வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2021-22 பருவத்தில் நான்கானது. அந்த நால்வரையும் கிளப்புகள் எங்கே இறக்குகின்றன என்பதுதான் கேள்வி. முன்கள நடுவில் ஒருவர், அவருக்குப் பின்னே ஆட்டத்தைத் திறப்பவர் ஒருவர், நடுப் பின்களத்தில் ஒருவர் என்பது ஏறக்குறைய எல்லா அணிகளின் வழக்கம். இந்தியர்களுக்கு எஞ்சுவது கோல்கீப்பர், ஓரப் பின்களம், விங், ஓடியாடும் நடுக்களம். தேசிய அணியில் எந்த இடங்கள் நிறைந்திருக்கின்றன, எவை காலி என்று பார்த்தால் அதே படம்தான். கோரோமினாஸ், ஒக்பேச்சே, ராய் கிருஷ்ணா, டயமண்டாகோஸ், அலாதீன் அஜராய் என்று லீக்கின் கோல் பட்டியல் ஆண்டுதோறும் வெளிநாட்டவர் கையில். 2024-25 பருவத்தில் இந்தியர்களில் அதிகம் அடித்தவர் 14 கோலுடன் 40 வயது சேத்ரி. 2025-26 பருவம் வணிக ஒப்பந்தச் சிக்கலால் உரிய நேரத்தில் தொடங்காமல் நின்றது. தகுதிச் சுற்றின் முக்கிய ஆட்டங்களைப் போதிய போட்டிப் பழக்கமில்லாத கால்களோடு ஆட வேண்டியதாயிற்று.

வீரர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் ஆட்டத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. மணிப்பூர், மிசோரம், கோவா, கேரளம், பஞ்சாப், வங்காளம் ஆகியவை அணியை நிரப்புகின்றன. தமிழ்நாட்டின் பங்கு சிறிது. வியாசர்பாடி, பெரம்பூர் என்று வடசென்னையில் பந்தோடு வளரும் பிள்ளைகளின் திறமைக்குக் குறைவில்லை. குறுகிய மைதானத்தில் ஆடிப் பழகியதால் காலில் நெளிவு உண்டு, பயம் இல்லை. முழு மைதானத்தில் பதினொரு பேரோடு, பந்தில்லாதபோது எங்கே ஓடுவது என்று கற்கும் வாய்ப்பு தாமதமாகத்தான் வருகிறது. ரயில்வே, ஐசிஎஃப், வங்கிகள் போன்ற நிறுவன அணிகள் ஒரு காலத்தில் வேலையும் பயிற்சியும் தந்து அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தன. அதே வடசென்னையிலிருந்து ரயில் பாதைகள் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நீள்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஷிப்டு முடிந்து மாலையில் பந்து உதைக்கும் இளைஞர்களும் உண்டு. அந்த ஆர்வத்தைப் பிடித்து வளர்க்கும் ஆலை அணி மரபு மட்டும் இங்கே வேர்விடவில்லை.

தொழில்நகரம் கால்பந்துக்கு என்ன தரலாம் என்பதற்கு முன்மாதிரிகள் ஏராளம். ஜெர்மனியின் லெவர்குசன் பேயர் மருந்து ஆலைத் தொழிலாளர்களின் அணியாக 1904-இல் பிறந்தது. நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவன் பிலிப்ஸ் நிறுவனத்தின் அணி. ஜப்பானில் 1993-இல் ஜே லீக் தொடங்கியபோது அதில் இறங்கிய கிளப்புகளில் பெரும்பாலானவை ஆலை அணிகளாக இருந்தவை. மிட்சுபிஷியின் அணிதான் உராவா ரெட்ஸ். தென் கொரியாவின் போஹாங் உருக்காலை அணி. இந்தியாவிலேயே ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் 1987-இல் கால்பந்துப் பயிற்சிப் பள்ளி தொடங்கி, பத்தாண்டுகளுக்குள் தேசிய அணிக்கு வீரர்களை அனுப்பியது. முன்கள நடுவில் ஒருவனைப் பன்னிரண்டு வயதிலிருந்து அதே இடத்தில் ஆடவைத்து வளர்க்க, விளைவுக்கு அவசரப்படாத ஓர் அமைப்பு வேண்டும். ஆண்டுக்காண்டு வெற்றியைத் தேடும் கிளப் அதைச் செய்வது அரிது. ஆலையும் பள்ளியும் சேர்ந்தால் செய்ய முடியும்.

வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவரும் வழியும் திறந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்து பெங்களூரு எஃப்சிக்கு ஆடும் ரயன் வில்லியம்ஸ், தாய்வழி இந்தியத் தொடர்பு உடையவர், 2025-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். வங்கதேசம் இங்கிலாந்தில் வளர்ந்த ஹம்சா சௌத்ரியைக் கொண்டுவந்து ஆட்டத்தின் தரத்தையே உயர்த்தியதைப் பார்த்தபின் இந்தியா தயங்கியிருக்க முடியாது. இரட்டைக் குடியுரிமைக்கு இந்தியச் சட்டம் இடம் தராததால், பழைய கடவுச்சீட்டைத் துறக்கத் துணிபவர்கள் மட்டுமே வருவார்கள். வில்லியம்ஸும் ஓரத்தில் ஓடும் வகை வீரர்தான்.

இளையோர் அணிகளில் வேறு அறிகுறிகள் தெரிகின்றன. 2025 செப்டம்பரில் தோஹாவில் 23 வயதுக்குட்பட்டோர் அணி பஹ்ரைனை 2-0 என்றும் புருனேயை 6-0 என்றும் வென்றது; கத்தாரிடம் 1-2 என்று தோற்றதால் ஆசியக் கோப்பை வாய்ப்பு நூலிழையில் நழுவியது. புருனேக்கு எதிராக மூன்று கோல் அடித்த விபின் மோகனன் முன்களத்தவர்கூட இல்லை. பந்தை வாங்கித் திரும்பி முன்னே பார்க்கும் நடுக்கள வீரர், மூத்த அணியில் காலியாக இருக்கும் அதே வகை. நவம்பர் இறுதியில் அகமதாபாத்தில் 17 வயதுக்குட்பட்டோர் அணி ஈரானை 2-1 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. முதலில் கோல் விட்ட பிறகு ஈரானைத் துரத்திப் பிடித்து வென்றார்கள் என்பதுதான் அதில் பெரிய விஷயம். இந்தப் பையன்கள் இருபது வயதைத் தொடும்போது, நடுவிலும் முன்களத்திலும் தொண்ணூறு நிமிடம் ஆடும் இடம் கிளப்பில் கிடைக்குமா, அல்லது இவர்களும் ஓரத்துக்குத் தள்ளப்படுவார்களா என்பதை இனி லீக்கின் விதிகளும் கிளப்புகளின் தேர்வும்தான் முடிவு செய்யும்.